தையல்காரர் தசையும் மூக்குப்பொடிக் குழியும்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறேன். என் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால் நான் அதட்டுவதில்லை. சிரித்துப் படித்த பெயர் லேசில் மறக்காது.

‘லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலேக்கே நேசை’. மூக்கோரமாக இறங்கும் ஒரு சின்னத் தசைக்கு இவ்வளவு நீளப் பெயர்! சாக்கடை நாற்றம் அடித்தால் மேலுதட்டைத் தூக்கி மூக்கைச் சுளிக்கிறோமே, அது இந்தத் தசையின் வேலை. பெயர் வாயில் நுழையாமல் மாணவர்கள் முகம் சுளிக்கும்போது, “இதோ, இதேதான்” என்று அவர்கள் முகத்திலேயே காட்டிவிடுவேன்.

முடிந்தவர்கள் இப்போது சம்மணம் போட்டு உட்காருங்கள். இடுப்பெலும்பின் முன்முனையில் விரலை வைத்து, தொடைக்குக் குறுக்கே சரிவாக இறங்கி, முழங்காலின் உள்பக்கத்துக்குக் கீழே வாருங்கள். அதுதான் சார்ட்டோரியஸ், உடம்பிலேயே நீளமான தசை. பழைய தையல்காரர்கள் இப்படிக் காலை மடக்கி உட்கார்ந்து தைத்ததால் தையல்காரர் தசை என்று பெயர். இன்னும் இரண்டு தசைநாண்களோடு இது எலும்பில் போய்ச் சேரும் இடத்துக்கு வாத்துப் பாதம் என்று பெயர். தையல்காரரில் தொடங்கி வாத்துக் காலில் முடிகிறதே என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தசை தொடங்கும் இடமும் முடியும் இடமும் மனதில் பதிந்துவிட்டதே!

மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கடல்குதிரை என்று பொருள். 1587இல் அதற்குப் பெயர் வைத்த இத்தாலியர் அரான்சி, கடல்குதிரை மாதிரி என்றார், பட்டுப்புழு மாதிரி என்றும் சொன்னார். கடல்குதிரைதான் நிலைத்தது. படித்ததைப் புது நினைவாகப் பதிய வைக்க அந்தக் கடல்குதிரை வேண்டும்.

மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக உடல் தானம் செய்தவர் முன்னால் சிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உடலைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது, அதில் நான் கண்டிப்பு. பெயரைக் கேட்டுச் சிரிப்பது வேறு.

அப்புறம், கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரம் ஒரு பள்ளம் விழும். மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய இடம் என்பதால் பொடி டப்பா என்றே பெயர். அதன் அடியில் ஸ்கேஃபாய்டு என்ற படகெலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தபின் அந்தப் பள்ளத்தை அழுத்தினால் வலிக்கிறதா? எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு அந்த எலும்பில் ஒரு பகுதி செத்தும் போகலாம். சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய், பள்ளத்தில்தான் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.