அந்த ஒற்றைப் பங்கு யாரிடம் இருந்தது? 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அவையில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

[திரையில்: லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர். பிரபுக்கள் அவையின் சிவப்பு இருக்கைகள்.]

வணக்கம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் அமைச்சர்களை எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதை, 2000ஆம் ஆண்டின் இரண்டு விஷயங்களை வைத்துப் பார்ப்போம்: மில்லினியம் டோம் என்ற கண்காட்சிக் கூடம், சியரா லியோனுக்குப் போன படை. பிற்பகல் நேரம். பிரார்த்தனை முடிந்திருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுந்து, நிகழ்ச்சி நிரலில் தன் பெயரில் உள்ள கேள்வியைக் கேட்க அனுமதி கோருகிறேன் என்கிறார். அவ்வளவுதான். கேள்வியை அவர் வாசிப்பதில்லை. அது அச்சாகி எல்லோர் கையிலும் இருக்கிறது. அமைச்சர் எழுகிறார். முன்பே எழுதிய பதிலை வாசிக்கிறார். இரண்டு, மூன்று வாக்கியங்கள். உட்கார்ந்துவிடுகிறார்.

முதல் தடவை பார்ப்பவர்கள் இத்துடன் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. கேட்டவர் மறுபடி எழுந்து துணைக் கேள்வி ஒன்றைக் கேட்கிறார். அது எந்தத் தாளிலும் அச்சாகவில்லை. அமைச்சருக்கு அது முன்கூட்டியே தெரியாது.

[திரையில்: ஓரங்களில் தாள் நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த கோப்பு ஒன்று, மிக அருகில்.]

இந்தக் கோப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். என்னென்ன துணைக் கேள்விகள் வரக்கூடும் என்று துறை அதிகாரிகள் நாள்கணக்கில் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அமைச்சரின் விரல் சரியான தாளைத் தேடுகிறது. கோப்பில் இல்லாத கேள்வி வந்தால், அவையின் ஓரத்தில் அதிகாரிகளுக்கென உள்ள இடத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும். அந்தச் சீட்டு வந்து சேர்வதற்குள் அமைச்சர் ஏதாவது சொல்லியாக வேண்டும். கேள்வி நேரத்தில் நான் மிகவும் மதிக்கும் கணம் இதுதான்.

அந்தக் காலத்தில் பிரபுக்கள் அவையில் ஒரு நாளைக்கு நான்கு வாய்மொழிக் கேள்விகள், மொத்தம் அரை மணி நேரம். ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம். யார் அடுத்துப் பேசலாம் என்று பெயர் சொல்லி அழைக்க அங்கே சபாநாயகருக்கு அதிகாரம் கிடையாது. இரண்டு பேர் எழுந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்து உட்கார வேண்டும். கீழவையான காமன்ஸ் அவையில் ஒவ்வொரு துறைக்கும் முறைவைத்து நாள் ஒதுக்குகிறார்கள். பிரபுக்கள் அவையில் கேள்வி அரசு முழுவதையும் நோக்கியது. அதனால் ஒரே அரை மணி நேரத்தில் ஆப்பிரிக்கப் போர்முனையும் லண்டன் கண்காட்சிக் கூடமும் அடுத்தடுத்து வரலாம். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அமைச்சர்களை இந்த இரண்டு விஷயங்களுமே விடாமல் துரத்தின.

[திரையில்: கிரீனிச் தீபகற்பம். வெள்ளைக் கூடாரம், பன்னிரண்டு மஞ்சள் கம்பங்கள்.]

முதலில் கூடாரம். பெயர் மில்லினியம் டோம். தேம்ஸ் ஆற்றங்கரையில், பழைய எரிவாயு ஆலை இருந்த நிலத்தில் எழுந்தது. விட்டம் 365 மீட்டர், ஆண்டின் நாட்கள் எத்தனையோ அத்தனை. புத்தாயிரத்தைக் கொண்டாட 2000ஆம் ஆண்டு முழுவதும் இங்கே ஒரு கண்காட்சி. யோசனை கன்சர்வேடிவ் ஆட்சிக் காலத்தில் பிறந்தது. 1997 ஜூனில் லேபர் கட்சிப் பிரதமர் டோனி பிளேரின் அரசு அதைத் தொடர முடிவெடுத்தது. ஆகவே இரண்டு கட்சிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இதைச் சொல்லாமல் கதையை ஒரு கட்சியின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

1.2 கோடிப் பேர் வருவார்கள் என்று திட்டமிட்டார்கள். பெரியவர்களுக்கு டிக்கெட் 20 பவுண்டு. ஆண்டு முடிந்தபோது வந்தவர்கள் ஏறக்குறைய 65 இலட்சம் பேர். ஒரே ஆண்டில் 65 இலட்சம் என்பது சிறிய எண் அல்ல. ஆனால் வரவு செலவுக் கணக்கு முழுவதும் 1.2 கோடியை நம்பிப் போடப்பட்டிருந்தது. வாசலில் ஆள் குறைந்தபோது பணம் தீர்ந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி, மே, ஆகஸ்ட், செப்டம்பர் என நான்கு தடவை கூடுதல் மானியம் கேட்டு வந்தார்கள். நான்கையும் சேர்த்தால் 17.9 கோடிப் பவுண்டு. மொத்த மானியம் 62.8 கோடிப் பவுண்டைத் தொட்டது. மொத்தச் செலவு 78.9 கோடி.

யாருடைய பணம் அது? அவையில் நடந்த சண்டையின் நரம்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மானியம் தேசிய லாட்டரியிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு டிக்கெட்டில் ஏறத்தாழ 28 பென்ஸ் நற்பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியைப் பங்கிட்டுத் தருவதற்காக 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் மில்லினியம் ஆணையம் அமைந்தது. அதனால், இது வரிப்பணம் அல்ல என்ற வாதம் அரசுத் தரப்பிலிருந்து வந்தது. சட்டப்படி சரியான வாதம். ஆனால் அந்தப் பணம் டோமுக்குப் போகாவிட்டால் வேறு ஏதோ ஓர் ஊர் மண்டபத்துக்கோ பூங்காவுக்கோ போயிருக்கும். வரிப்பணம் இல்லை என்பதால் அது பொதுப்பணம் இல்லை என்று ஆகிவிடுமா? என்னைக் கேட்டால், ஆகாது.

[திரையில்: ஒரே ஒரு பங்குப் பத்திரத்தின் வரைபடம். அதைப் பிடித்திருக்கும் ஒரு கை.]

அடுத்து அந்தப் பங்கு. டோமைக் கட்டி நடத்தியது ஒரு நிறுவனம், நியூ மில்லினியம் எக்ஸ்பீரியன்ஸ் கம்பெனி. அதன் பங்கு ஒன்றே ஒன்று. அரசின் சார்பில் ஓர் அமைச்சர் அதை வைத்திருந்தார். பிளேர் ஆட்சியில் பீட்டர் மேண்டல்சன் கையில் இருந்தது. அவர் 1998 டிசம்பரில் பதவி விலகிய பிறகு பங்கு ஃபால்கனர் பிரபுவின் கைக்கு வந்தது. நாற்காலிகள் அங்கே வேகமாக மாறின. தலைமை நிர்வாகி ஜென்னி பேஜ் 2000 பிப்ரவரியில் விலக, பியர் இவ் ஜெர்போ வந்தார். தலைவர் பாப் எய்லிங் மே மாதம் விலகினார். அந்த ஆண்டு முழுவதும் பங்கு மட்டும் ஃபால்கனர் கையிலேயே இருந்தது.

இப்போது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ஃபால்கனர் பிரபுக்கள் அவை உறுப்பினர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட காமன்ஸ் அவையின் உறுப்பினர் எவரும் தங்கள் அவையில் அவரை எழுப்பி நேருக்கு நேர் கேள்வி கேட்க முடியாது. அங்கே வேறோர் அமைச்சர்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஒரே பங்குதாரரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு, தேர்தலில் நிற்காதவர்களின் அவைக்கே கிடைத்தது. அந்த அவை அதை நன்றாகப் பயன்படுத்தியது என்பது என் கணிப்பு. ஆனாலும் அமைப்பு முறை பிசகானதுதான்.

பங்குதாரர் என்றால் என்ன பொறுப்பு? அன்றாட நிர்வாகம் நிறுவனத்தினுடையது, அமைச்சருடையது அல்ல என்று சொல்லிவிடலாம். கூடாரத்துக்குள் வரிசை நீண்டால் அதற்கு அமைச்சரைப் பிடித்து உலுக்க முடியாதுதான். ஆனால் நிறுவனத்தின் இயக்குநர் குழுவை நியமிப்பதும், கணக்கைக் கேட்பதும், போதும் நிறுத்துங்கள் என்று சொல்வதும் பங்குதாரரின் வேலை. துணைக் கேள்வி அங்கே போய்க் குத்த வேண்டும்.

குத்துவதற்கு ஆதாரமும் வந்தது. 2000 நவம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் டோம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. வருகையாளர் எண்ணிக்கை குறித்த இலக்கே துணிந்து எடுத்த ஆபத்து என்று அது காட்டியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூடுதல் மானியம் தரும்போது, மில்லினியம் ஆணையத்தின் கணக்குப் பொறுப்பு அதிகாரி, இது செலவிடும் பணத்துக்குத் தகுந்த பயன் தராது என்று கருதி, எழுத்துமூலமான உத்தரவு கேட்டார். ஆணையர்கள் உத்தரவு தந்தார்கள். ஒரு அரசு ஊழியர், இதை நான் என் பொறுப்பில் செய்ய மாட்டேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு முதுகெலும்பு வேண்டும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம். ஃப்ரீடவுன், லுங்கி, கைலாஹுன்.]

அதே ஆண்டு. உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன். 1999 ஜூலையில் அந்நாட்டு அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே லோமே நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில் ஐநா பாதுகாப்பு மன்றம் 1270ஆம் தீர்மானத்தால் 6,000 பேர் கொண்ட அமைதிப்படையை அமைத்தது. 2000 பிப்ரவரியில் அந்த உச்சவரம்பு 11,100 ஆனது. படைத்தளபதி இந்தியரான மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி.

மே மாதம் புரட்சிகர ஐக்கிய முன்னணிக் கிளர்ச்சியாளர்கள் ஏறத்தாழ 500 அமைதிப்படை வீரர்களைச் சிறைப்பிடித்தார்கள். கிழக்கே கைலாஹுனில் இந்திய கூர்க்கா வீரர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் முற்றுகையில் சிக்கினார்கள். பிரிட்டன் தன் பாராசூட் வீரர்களை லுங்கி விமான நிலையத்துக்கு அனுப்பியது. மே 8 அன்று வெளியுறவு அமைச்சர் ராபின் குக் காமன்ஸ் அவையில் அறிக்கை தந்தார். அப்போது சொன்ன நோக்கம், பிரிட்டிஷ் குடிமக்களை வெளியேற்றுவதும் விமான நிலையத்தைக் காப்பதும்.

சில நாட்களில் குடிமக்கள் வெளியேறிவிட்டார்கள். படை திரும்பவில்லை. ஐநா படைக்குத் துணை வந்து சேரும்வரை என்றானது. பிறகு சியரா லியோன் இராணுவத்துக்குப் பயிற்சி என்றானது. எல்லை எங்கே, முடிவு எப்போது என்று எதிர்வரிசையிலிருந்து மீண்டும் மீண்டும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் படை போனதை எதிர்த்தவர்கள் அல்லர். இதை அழுத்திச் சொல்கிறேன். கேள்வி கேட்பதையும் துரோகம் செய்வதையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

படை போனதால் தலைநகர் ஃப்ரீடவுன் விழாமல் நின்றது என்றே நான் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டே, அந்தக் கேள்விகள் தேவைப்பட்டன என்றும் சொல்கிறேன். ஆகஸ்ட் 25 அன்று ராயல் ஐரிஷ் படைப்பிரிவு வீரர்கள் பதினொரு பேரை வெஸ்ட் சைட் பாய்ஸ் என்ற ஆயுதக் குழு பிடித்தது. செப்டம்பர் 10 அன்று நடந்த மீட்பு நடவடிக்கையில் ஒரு பிரிட்டிஷ் வீரர் உயிரிழந்தார். வெளியேற்றம் என்று தொடங்கிய பணி அங்கே வரை போயிருந்தது.

[திரையில்: இரண்டு கட்டளைக் கோடுகள். ஒன்று லண்டனுக்கு, ஒன்று நியூயார்க்குக்கு.]

கட்டளை யாருடையது? பிரிட்டிஷ் துருப்புகள் ஐநா படைக்குத் தோள் கொடுத்தன. ஐநா தளபதியின் கீழ் வரவில்லை. அவர்களுக்கு உத்தரவு லண்டனிலிருந்து வந்தது. கைலாஹுனில் முற்றுகையில் இருந்தவர்களோ ஐநா தொப்பி அணிந்தவர்கள். அவர்களைப் பற்றிக் கேட்டால், அது ஐநாவின் பொறுப்பு என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட வழியிருந்தது. நிறுவனத்தின் பொறுப்பு என்ற டோம் பதிலுக்கு இது உடன்பிறப்பு.

துணைக் கேள்வியால் இங்கேயும் உள்ளே நுழையலாம். பிரிட்டன் பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பினர். அந்தத் தீர்மானங்களுக்கு வாக்களித்தது. அமைதிப்படைச் செலவில் தன் பங்கைக் கட்டியது. ஐநா என்ன செய்யப் போகிறது என்று கேட்டால் அமைச்சர் நழுவலாம். மன்றத்தில் நம் பிரதிநிதி என்ன கேட்டார், எந்த அதிகாரத்துக்கு வாக்களித்தார், அந்த அதிகாரத்துக்குப் போதிய ஆளும் தளவாடமும் உண்டா என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். மன்றத்தில் அந்த ஒரு வாக்கும் ஒரு பங்குதான்.

கைலாஹுன் முற்றுகை 75 நாட்கள் நீண்டது. ஜூலை நடுவில் ஜெட்லியின் படை குக்ரி நடவடிக்கையால் அதை உடைத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர்கள் அதில் பறந்தன. அவற்றில் வெளியே வந்த இராணுவப் பார்வையாளர்களில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரும் இருந்தார். காகிதத்தில் இரண்டாகப் பிரிந்த கட்டளைக் கோடுகள், களத்தில் ஒரே ஹெலிகாப்டரில் ஏறி வந்தன.

[திரையில்: ஹன்சார்டு பக்கம். பத்தி எண்கள் தெரியும்படி.]

இந்த அரை மணி நேரங்கள் எல்லாம் ஹன்சார்டு எனும் அவைக்குறிப்பில் இருக்கின்றன, இன்றும் இலவசமாகத் தேடலாம். 2000ஆம் ஆண்டில் ஏதாவது ஒரு நாளைத் திறந்து பாருங்கள். முதல் பதிலை வேகமாகக் கடந்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது துணைக் கேள்வியில் நிதானமாக நில்லுங்கள். கேள்வியின் வினைச்சொல்லையும் பதிலின் வினைச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எப்போது தெரியவந்தது என்று கேட்டிருப்பார். என்ன செய்யப்படுகிறது என்று பதில் வந்திருக்கும். அந்த இடைவெளியைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குப் போங்கள். அதே உறுப்பினரோ வேறொருவரோ அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கிறாரா என்று தேடுங்கள்.

அவைக்குத் தவறான தகவல் தந்தது தெரியவந்தால் முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும், தெரிந்தே தவறாக வழிநடத்தியவர் பதவி விலக வேண்டும் என்ற விதியை 1997 மார்ச்சில் காமன்ஸ் அவை தீர்மானமாகவே நிறைவேற்றியது. அதனால்தான் கோப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அதிகாரிகள் அவ்வளவு கவனமாக எடை போடுகிறார்கள்.

[திரையில்: டோம், இரவு. பின் ஃப்ரீடவுன் துறைமுகம், பகல்.]

டோம் கண்காட்சி 2000 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதே கூடாரம் 2007 ஜூனில் ஓ2 அரங்கமாகத் திறந்தது. சியரா லியோன் ஐநா படையின் உச்சவரம்பு 2001 மார்ச்சில் 17,500 வரை உயர்ந்தது. 2005 டிசம்பரில் அதன் பணி முடிந்தது. அவையில் அப்போது அமைச்சர்கள் மாறியிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் வேறு நான்கு கேள்விகள் அச்சாகியிருந்தன.