அல்பினோ பால் பைத்தான்: கோணல் முதுகும் கூமுட்டையும் எங்கிருந்து வருகின்றன?

[காட்சி: இன்குபேட்டர் பெட்டிக்குள் ஆறு முட்டைகள்]

குரல்: இவை பால் பைத்தான் (ball python) என்ற, வீட்டில் வளர்க்கும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பின் முட்டைகள். நான்கு முட்டைகள் வெள்ளையாக, விறைப்பாக இருக்கின்றன. இரண்டு மஞ்சளித்துச் சிறுத்துப் போயிருக்கின்றன. அவை கூமுட்டை. அமெரிக்காவில் பால் பைத்தான் வளர்ப்பவர்கள் 'ஸ்லக்' என்பது இதைத்தான். கறுப்பு நிறமி இல்லாத அல்பினோ ஜோடியில் இப்படி ஆனால், "அல்பினோ என்றாலே பலவீனம்" என்று பழியை நிறத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். நிறத்துக்கான மரபணு, உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ப்பது), சூடு என்று மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். எது என்று பிரித்தறியாமல் அடுத்த ஜோடியைச் சேர்க்கக் கூடாது.

[காட்சி: உரிந்த பாம்புச் சட்டை, அருகே மரபணு வரைபடம்]

குரல்: அல்பினோ ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் குட்டி வெளுப்பாகப் பிறக்கும். ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் பாம்பு 'ஹெட்'. பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். வளர்ப்பவர்கள் கொடுத்த பாம்புச் சட்டைகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, அல்பினோவின் பழுது டிஒய்ஆர் மரபணுவிலும், லாவெண்டர் அல்பினோ என்ற இன்னொரு வகையின் பழுது ஓசிஏ2 மரபணுவிலும் இருப்பதைக் காட்டியது. அதனால் இந்த இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் கறுப்பும் பழுப்புமாகத்தான் வரும். போவா பாம்பில் கால், ஷார்ப் என்ற இரண்டு அல்பினோ வம்சங்களைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

டிஒய்ஆர் மரபணுவின் வேலை மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தயாரிக்கும் நொதியைக் கொடுப்பது. அது பழுதானால் கண் கூசும். கூண்டில் வெளிச்சத்தைக் குறைத்து, ஒளிய இடம் கொடுக்க வேண்டும். மற்றபடி சாதாரண அல்பினோ பால் பைத்தான் நன்றாகவே முட்டையிடும்.

[காட்சி: கேரமல் அல்பினோ, முதுகெலும்பின் எக்ஸ்ரே]

குரல்: கேரமல் அல்பினோ அப்படியில்லை. தேன் நிறத்தில் இருக்கும் இந்த வகையில், முட்டையிலிருந்து வரும்போதே முதுகெலும்பு கோணலான குட்டிகள் அதிகம். வளர்ந்த பெண்களில் பலவும் கூமுட்டையே இடுகின்றன. இதனால் பலர் கேரமல் ஆணை ஹெட் பெண்ணோடு சேர்க்கிறார்கள். கூமுட்டைத் தொல்லை அதில் குறையும். கோணல் முதுகு குறையாது, ஏனென்றால் அது நிறத்தோடு சேர்ந்தே வருகிறது. எங்கள் கருத்தில், இந்த வகையைப் புதிதாக யாரும் தொடங்க வேண்டியதில்லை.

[காட்சி: வம்சாவளிப் படம்]

குரல்: அடுத்தது உட்கலப்பு. அல்பினோ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்து, பிறந்த ஹெட் மகளை மறுபடி அப்பாவோடே சேர்ப்பது பழைய வழக்கம். நம் ஊரில் தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் குழந்தையின் உட்கலப்பு அளவு 12.5 சதவீதம். அப்பா, மகள் பாம்பு ஜோடியில் அது 25. மறைந்திருக்கும் வேறு பழுதுகளும் அங்கே ஜோடி சேர்ந்துகொள்ளும். கூமுட்டை கூடுவதும், குட்டி முட்டைக்குள்ளேயே சாவதும் அதன் விளைவாக இருக்கலாம்.

இந்தக் குறுக்குவழியில் காலமும் மிச்சமாவதில்லை. மகள் எப்படியும் சுமார் மூன்று வயதும் 1,500 கிராம் எடையும் எட்ட வேண்டும். அந்த நாளில் அவளை வேறு வம்சத்து அல்பினோ ஆணோடு சேருங்கள். அதே பாதிக்குப் பாதி அல்பினோ கிடைக்கும். கூடுதல் செலவு ஓர் ஆண் பாம்பு.

இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் கால் பங்குதான் வாய்ப்பு. ஆறு முட்டையில் ஒன்றுகூட அல்பினோவாக வராமல் போக 18 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு ஈட்டை (ஒரு தடவை இட்ட முட்டைகளை) வைத்து ஹெட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெண் முந்தைய ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும், அதனால் குட்டிகளின் அப்பா வேறு ஆணாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

[காட்சி: தெர்மோஸ்டாட், முட்டைகளுக்கு நடுவே சென்சார்]

குரல்: சூடு. முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி செல்சியஸ். சுமார் 55 முதல் 60 நாளில் பொரியும். 33, 34 என்று ஏறினால் எந்த நிறக் குட்டிக்கும் முதுகு கோணலாம். முட்டைக்கு அடியில் போடும், ஈரம் தேக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை. முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, அதைத் திருப்பாமல் வையுங்கள். ஆண் பாம்புக்கு எப்போதும் குளிர்ந்த மூலை இருக்க வேண்டும். விடாத சூடு விந்தைக் கெடுக்கும்.

[காட்சி: பொரித்த குட்டிகள், நிறம் பிரித்து இரண்டு தட்டுகளில்]

குரல்: இனி பிரித்தறியும் முறை. ஒரே ஈட்டின் குட்டிகளை நிறம் பிரித்து வைத்து, ஒவ்வொன்றின் முதுகையும் விரலால் தடவிப் பாருங்கள். அல்பினோக்களில் மட்டும் கோணல் இருந்து, கூடப் பிறந்த சாதாரணக் குட்டிகள் நேராக இருந்தால், சந்தேகம் நிறமரபணு மேல். இரண்டு தட்டிலும் கோணல் இருந்தால், அதே பெட்டியில் இருந்த வேறு ஜோடியின் முட்டைகளைப் பாருங்கள். அங்கேயும் கோணல் என்றால் சூடு. அங்கே எல்லாம் நேராக இருந்தால் உட்கலப்பைச் சந்தேகிக்கலாம். சின்ன ஈட்டில் ஒன்றிரண்டு குட்டியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு, மூன்று ஈடுகளின் கணக்கு வேண்டும்.

கூமுட்டைக்கும் இதே மாதிரிதான். இணை சேர்ந்ததும் கால்நடை மருத்துவரிடம் ஆணின் விந்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். உயிரணு நன்றாக ஓடி, வேறு பெண்ணிடம் நல்ல முட்டையும் வந்தால் குறை ஆணிடம் இல்லை.

லேசான கோணல் உள்ள குட்டி சாப்பிட்டு, கழித்து, பல வருடம் வாழும். ஆனால் அதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், கொடுக்கும்போது மறைக்காதீர்கள். கழிவு வெளியேற முடியாத அளவு மடங்கியிருந்தால், அன்றே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.