கடற்கரையில் மோட்டார் போட்ட கதை

(கடற்கரைச் சுற்றுலா புறப்படும் முன், பவானியில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே (போன வருஷம் கரண்டுக்கு மட்டும் வாங்கினார், இந்த வருஷம் அதுவும் வேண்டாம் என்றுவிட்டார், கை தட்டுங்கள்), என் பெயரை மறந்தாலும் என் மருமகன் பெயரை மறக்காத செயலாளர் தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

தலைப்பு, கடற்கரையில் கைபேசி. கொங்கு நாட்டில் கடல் ஏது? காவிரி, பவானி, நொய்யல், அமராவதி, அவ்வளவுதான். கடலைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். போய் இறங்கியதும் போனைத்தான் பார்க்கிறோம்.

மூன்று விஷயம் சொல்வேன்: சத்தம், கேமரா, உப்புத்தண்ணீர். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார் எங்கள் அப்பாரு. அவர் காசுக்குச் சொன்னார். நான் பேச்சுக்கும் சொல்வேன்.

இரண்டு வருஷம் முன்பு ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போனோம். அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. அப்பன் ஆத்தாளுக்குத் திதி கொடுக்கிற கூட்டம். எங்களோடு வந்த பெரியவர் ஒருவரும் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் போன் அடித்தது. கை ஈரம், அதனால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார். தோட்டத்திலிருந்து மகன். "ஏனப்பா, மூணு பேஸ் கரண்ட் வந்துருச்சு, மோட்டார் போடட்டுமா?" இவர் எழுந்து நின்றே கத்தினார்: "போடு! வாழைக்குப் பாய்ச்சு! மஞ்சளுக்கு வேண்டாம்! வாய்க்கால்ல எலி வளை இருக்குது, சாணி வச்சு அடை!" எருமை தண்ணி குடித்ததா என்று வேறு ஒரு விசாரணை. பக்கத்தில் எள்ளும் பிண்டமும் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மந்திரம் சொல்ல வந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஐயா, முதல்ல மோட்டாரை நிறுத்துங்க, அப்புறம் அப்பாவைக் கூப்பிடலாம்" என்றார். அதோடு போச்சா? சாயங்காலம் கடைத்தெருவில் தேங்காய் விற்ற அம்மா, முன்பின் தெரியாதவர், "அண்ணாச்சி, வாழைக்குத் தண்ணி பாய்ஞ்சுதா?" என்று கேட்டாரே! அந்தப் பெரியவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். சிரித்துக் காட்டிக் கொடுக்காதீர்கள்.

கோயிலுக்குள் கைபேசி கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. வாசலுக்கு வெளியே இருக்கிற கடலுக்கு உத்தரவு கிடையாது. நாமாகத்தான் அளந்து பேச வேண்டும்.

அடுத்தது கேமரா. நம் பெண்கள் கடலில் சேலையோடு இறங்குவார்கள், அதே ஈரச் சேலையோடு ஏறுவார்கள். அந்த நேரத்தில் ஒரு பொடியன் அலையைப் படம் பிடிக்கிறேன் என்று போனைத் திருப்புகிறான். அலையோடு யார் யாரெல்லாம் விழுகிறார்கள் என்று அவன் பார்ப்பதில்லை. ஒரு பெண் மறைவில் உடை மாற்றுவதைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 77-ஆம் பிரிவு. முதல் தடவைக்கே ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில்.

சரி, மறைவு எங்கே இருக்கிறது? கடலை விடுங்கள், நம் காவிரிக்கரைக்கு வாருங்கள். போன ஆடிப் பதினெட்டன்று ஒரு துறையில் பார்த்தேன், துறையின் பேர் வேண்டாம். நான்கு பெண்கள் ஒரு ஜமுக்காளத்தின் நான்கு முனையைப் பிடித்து நிற்க, நடுவில் ஐந்தாவது பெண் சேலை மாற்றுகிறாள். காற்றில் ஒரு முனை நழுவ, நழுவ, பிடித்திருந்த பாட்டி பல்லால் கடித்துக்கொண்டார். பவானி ஜமுக்காளத்துக்கு ஊரெல்லாம் பேர், அதை நெய்தவர்கள் இதற்கா நெய்தார்கள்? இருபது அடி தள்ளி நான்கு போன் மேலே தூக்கியிருந்தது. ஆற்றை எடுத்தார்களா, வேறு எதை எடுத்தார்களா, யாருக்குத் தெரியும்?

அதனால்தான் மூன்று வருஷமாக ஒரே பாட்டைப் பாடுகிறேன்: ஒவ்வொரு துறையிலும் பெண்களுக்கு உடை மாற்றும் அறை வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, நான் டேப் வைத்தே அளந்துவிட்டேன். எட்டடிக்கு ஆறடி, நான்கு அறை. உள்பக்கம் தாழ்ப்பாள், துணி மாட்ட ஆணி, கூரை கட்டாயம். மேலே திறந்து விட்டால் மரத்திலிருந்தும் எடுப்பான்.

மூன்றாவது உப்புத்தண்ணீர். செயலாளர் தம்பி மணியைப் பார்க்கிறார். நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள், மிச்சத்தை பஸ்ஸில் சொல்கிறேன்.

உறுப்பினர் அம்மாவிடம் கொடுக்க வேண்டிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவைச் சணலால் கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள், பஸ் ஒன்பதரைக்கு.