கோலப்பொடி டப்பாவும் யெல்லோ கார்டும்

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். "என்னை எவன் கூப்பிடப் போகிறான்" என்று போன வீடியோவில் புலம்பினேனே, கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஃபோர்த் அஃபிஷியல் வேலை, அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பெஞ்சைக் கவனிக்கும் நான்காவது நடுவர்.

போய்ப் பார்த்தால் கோச் நிற்கும் கட்டமே, அதுதான் டெக்னிக்கல் ஏரியா, போடவில்லை. "அதெல்லாம் எதுக்கு சார்" என்கிறார்கள். கடைக்கு ஓடி ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி வாங்கினேன். 160 சொன்னார், பேசி 140-க்கு முடித்தேன். சொந்தக் காசு! அம்மாவின் கோலப்பொடி டப்பாவில் போட்டுக் கட்டம் வரைந்தேன். பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர், முன்னால் எல்லைக்கோட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். டேப் இல்லை. என் ஷூ மூன்றரை வைத்தால் ஒரு மீட்டர், தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாவது நிமிஷம். ஒரு கோச் என் கோட்டின்மேல் நின்று, காலால் தேய்த்துக்கொண்டே கத்துகிறார். என் 140 ரூபாய்! பின்னாலேயே அசிஸ்டென்ட் கோச், மேனேஜர், யாரோ ஒருவரின் மாமா, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லலாம். நான் சிரித்துச் சமாளித்தேன், மூன்று முறை. அங்கேதான் கோட்டைவிட்டேன். முதல் தடவையே போய் "சார், உள்ளே" என்று சொல்லியிருக்க வேண்டும். எப்போதாவது வெளியே வந்தால் எச்சரிக்கை, திரும்பத் திரும்ப வந்தால் யெல்லோ கார்டு, ரெஃப்ரியிடம் சண்டை பிடிக்கவே வெளியே வந்தால் நேராக ரெட், அதாவது ஆளையே வெளியேற்றும் கார்டு. கோச்களுக்கும் கார்டு என்று 2019-லேயே வந்துவிட்டது.

இந்திய அணியின் அப்போதைய கோச் ஸ்டிமாச் ரெட் வாங்கியதை இன்னும் சிலர் அநியாயம் என்கிறீர்கள். 2023 ஜூன், பெங்களூரு கண்டீரவா, தெற்காசிய நாடுகளின் சாஃப் போட்டியில் இந்தியா - பாகிஸ்தான். வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிய, அதாவது த்ரோ போட வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரரின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். "இதுக்குப் போய் ரெட்டா?" ஆமாம், ரெட்டேதான்! ஆட்டக்காரர் செய்தால் யெல்லோவோடு போகும். எதிரணி ஆட்டத்தைத் தொடங்கவிடாமல் கோச் கைவைத்தால் ரெட். இந்தியா 4-0 என்று ஜெயித்த ஆட்டம் வேறு, அந்த அவசரம் எதற்கு? அப்புறம் குவைத்தோடும் ரெட் வாங்கி, அரையிறுதிக்கும் இறுதிக்கும் பெஞ்சில் அவரே இல்லை. எனக்குப் பிடித்த கோச்தான், அதற்காக விட முடியுமா?

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். கார்டு காட்டுவது நான் இல்லை. நான் சொல்வேன், ரெஃப்ரி வந்து காட்டுவார். அப்படித்தான் இரண்டாவது பாதியில் பெஞ்சிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை பறந்தது. யார் என்று கேட்டால் எல்லோரும் ஷூ லேஸ் கட்டுகிறார்கள். ஆள் தெரியவில்லையா, அங்கே இருக்கிற மூத்த கோச் தலையில் கார்டு. விதிப் புத்தகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி இது. கோட்டை அழித்த அதே கோச்சுக்கு யெல்லோ!

அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. "உட்காருங்கடா" என்று அவரே பெஞ்சை அதட்டிக்கொண்டிருந்தார். மாமாவும் உட்கார்ந்துவிட்டார்.

டப்பாவை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மா இன்னும் கேட்கவில்லை.