எம்.எஸ். சுவாமிநாதன் எம்.பி.யாக இருந்து என்ன செய்தார்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "ஐயா, நெல் விலை பற்றிப் பேசும்போதெல்லாம் சுவாமிநாதன் அறிக்கை, ஐம்பது சதவீதம் என்கிறீர்கள். அவர் ஆறு வருடம் எம்.பி.யாகவும் இருந்தாராமே, அங்கே போய் விவசாயிக்காக என்ன செய்தார்? மாமனார் பெயரில் உள்ள ஆறு மா நிலத்தைப் பத்து வருடமாக நான்தான் பார்க்கிறேன். அதனால் கேட்கிறேன்."

கேள்வி முதலிலேயே முடிந்துவிட்டது. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஆறு மா, அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அதற்கு வருகிறேன்.

கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி சுவாமிநாதன் தலைமையில் 2004-இல் தேசிய விவசாயிகள் ஆணையம் அமைந்தது. 2006 அக்டோபருக்குள் ஐந்து அறிக்கைகள் கொடுத்தார்கள். உற்பத்திச் செலவின் சராசரிக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை, அதாவது விளைச்சலுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலை, தர வேண்டும் என்பது அதிலுள்ள பரிந்துரை. 2007-இல் குடியரசுத் தலைவரின் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனார். 2013 வரை இருந்தார். அதே 2007-இல் அரசு வெளியிட்ட விவசாயிகளுக்கான தேசியக் கொள்கையில் அந்த ஐம்பது சதவீதம் இடம்பெறவில்லை. விலையைச் செலவோடு இயந்திரம் போலப் பிணைத்தால் சந்தை கெட்டுவிடும் என்பது பிற்பாடு அரசு சொன்ன காரணம். எனக்கு அந்தக் காரணம் அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. உரத்துக்கும் டீசலுக்கும் ஏறுகிற விலையை எந்தச் சந்தை பார்த்துக் குறைத்தது?

சரி, செலவு என்றால் எது? தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். இருந்தாலும் இன்றைக்குச் சொல்லாமல் நகர முடியாது. கணக்கு மூன்று அடுக்கு. முதல் அடுக்கு ஏ2: விதை, உரம், மருந்து, கூலியாள், டிராக்டர் வாடகை, கட்டிய குத்தகை என்று கையை விட்டுப் போன செலவு. இரண்டாவது அடுக்கு, அதோடு வீட்டு ஆட்கள் கூலி வாங்காமல் போட்ட உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்ப்பது, எஃப்.எல். என்று குறிப்பார்கள். மூன்றாவது சி2: சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும், போட்ட முதலுக்கு வட்டியும் சேர்ந்தது.

2018-19 பருவத்தைப் பாருங்கள். சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு ஏ2-வும் வீட்டு உழைப்பும் சேர்த்து 1,166 ரூபாய். அதை ஒன்றரை மடங்காக்கி 1,750 ரூபாய் அறிவித்தார்கள். சி2 கணக்கில் செலவு 1,560. அதை ஒன்றரை மடங்காக்கினால் 2,340. குவிண்டாலுக்கு 590 ரூபாய் வித்தியாசம். விவசாயச் சங்கங்கள் இன்றைக்கும் கேட்பது இந்தச் சி2-வைத்தான். அதே 2018-இல் மகாராஷ்டிரத்து மக்களவை உறுப்பினர் ராஜு ஷெட்டி, ஆதரவு விலையைச் சட்ட உரிமையாக்க ஒரு தனிநபர் மசோதாவும் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா), கடனிலிருந்து விடுவிக்க இன்னொன்றும் கொண்டுவந்தார். அவை நிறைவேறவில்லை.

இப்போது அந்த இரண்டாவது அடுக்கில் நில்லுங்கள். வீட்டு உழைப்பு. அது யாருடைய உழைப்பு?

என் பெரியம்மாவைப் பற்றி முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பெரியப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நாற்றங்கால் விடுவதிலிருந்து களத்தில் தூற்றுவது வரை பெரியம்மாதான். முறைத் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகப் போய் மடை திருப்பிவிட்டு வருவார். ஒரு வருடம் கார்த்திகை மழையில் சம்பா முழுக்க மூழ்கியது. நிவாரணம் எழுதுகிறார்கள் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன், பள்ளிக்கூடப் பையன். "பட்டா உங்கள் பேரில் இல்லையே, வீட்டுக்காரரை வரச்சொல்லுங்கள்" என்றார்கள். திரும்பி வரும் வழியில் அந்த விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்றிருந்தது. படித்தேன். "அப்படியா எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கால் நகத்தில் அன்றைக்குக்கூட வயல் சேறு இருந்தது.

செலவுக் கணக்கில் பெரியம்மாவின் உழைப்புக்கு ரூபாய் மதிப்பு உண்டு. நிவாரணக் கணக்கில் பெரியம்மாவே இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விலைக்காக நாம் போராடும்போது எஃப்.எல். என்று எழுதுகிறோமே, அந்த எழுத்துக்குள் பாதிக்கு மேல் பெண்கள் நிற்கிறார்கள் என்பது என் கணிப்பு. சி2-வில் சேர்கிற நில வாடகையோ பட்டாக்காரருக்குரியது. அதனால் சி2 வென்றாலும் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு போய்ச் சேரும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை செய்யும் பெண்கள் 100 பேரில் 65 பேர் சாகுபடியாளராகவோ விவசாயக் கூலியாகவோ இருந்தார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலவுடைமைகளில் ஏறத்தாழ 14 சதவீதம்தான் பெண்களுடையது.

சகோதரி, உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. சுவாமிநாதன் மாநிலங்களவையில் செய்தவற்றில் நான் தலையாயதாக நினைப்பது, 2012 மே மாதம் அவர் கொண்டுவந்த 'பெண் விவசாயிகள் உரிமைகள் மசோதா, 2011'. திருமணம் ஆனவரா, நிலம் பெயரில் இருக்கிறதா என்றெல்லாம் பாராமல், விவசாயத்தை முதன்மையாகச் செய்யும் பெண்ணை விவசாயி என்றே அது வரையறுத்தது. கிராம சபை ஒப்புதல் கொடுத்தால் ஊராட்சி அவருக்குப் 'பெண் விவசாயி' சான்றிதழ் தர வேண்டும் என்றது. நிலத்தில் உரிமை, தண்ணீரில் உரிமை, கிசான் கடன் அட்டை எல்லாம் அதில் இருந்தன.

அந்தச் சான்றிதழ் யோசனையை நினைத்துப் பாருங்கள்! யார் நாற்று விட்டார், யார் மடை திருப்பினார் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்த ஊரே சாட்சி சொல்லட்டும் என்கிறார். எண்பத்தாறு வயதில் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து எழுதிய யோசனை இது. என் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அன்றைக்குத் திருப்பி அனுப்பியிருக்க முடியுமா?

மசோதா என்ன ஆனது? 2013 ஏப்ரலில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. அதோடு மசோதாவும் காலாவதியானது. தனிநபர் மசோதாவின் கதி பெரும்பாலும் இதுதான். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970-இல். அதற்காக அவர் செய்தது வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. நாம் கையில் எடுக்க ஒரு வரைவு தயாராக இருக்கிறது.

இனி உங்கள் ஆறு மா. தமிழ்நாட்டில் 1989 முதல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்குண்டு. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. ஆனால் அது பிறந்த வீட்டு நிலத்தில். மாமனார் நிலத்தில் பத்து வருடம் உழைக்கும் மருமகளுக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் திட்டமும் பட்டாவைத்தான் கேட்கிறது. ஆனாலும் நீங்கள் விவசாயிதான். நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை; அந்த 2007 தேசியக் கொள்கை குத்தகைதாரர், வாரதாரர், கூலியாள் வரைக்கும் எல்லாரையும் விவசாயி என்றே சொல்கிறது.

ஒன்று செய்யுங்கள். அடுத்த கிராம சபைக்கு உங்களைப் போல இருக்கும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். யார் எந்தச் சர்வே எண்ணில் சாகுபடி செய்கிறார் என்று பெயரோடு எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதைக் காட்டிக் கடன் வாங்க முடியாது. இருந்தாலும் ஊர் எழுத்தில் உங்கள் பெயர் விவசாயி என்று ஏறும். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். இந்தச் சம்பாவுக்கு என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.