சுவரும் சித்திரமும்

(குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில் நடைபெற்ற, பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பரிசுகளை வழங்க வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்து, இன்று என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் அவர்களே, சுழற்கோப்பையை நன்கொடையாக அளித்துவிட்டுத் தம் பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறியிருக்கும் படகு உரிமையாளர் அவர்களே, நடுவர்களே, தாய்மார்களே, இன்னும் காலணியைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் மணலில் அமர்ந்திருக்கும் விளையாட்டு வீரர்களே, அனைவருக்கும் என் வணக்கம். பங்குத்தந்தை அவர்கள் குருமடத்தில் படித்த காலத்தில் கோல்காப்பாளராக ஆடியவர் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. இன்று காலை அரையிறுதி ஆட்டத்தின்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் கொடுத்த கூச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு முன்னால் பேசிய ஊராட்சித் தலைவர் அவர்கள், விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்றார்கள். நல்ல பழமொழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு வேறொரு பழமொழிதான் பழக்கம். அதை என் மாணவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். இன்று பதினேழு வயதினரின் உலகக் கோப்பையைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவது அதன் வரலாறு, இரண்டாவது 2017இல் அதில் இந்தியா ஆடிய கதை, மூன்றாவது வயதைச் சரிபார்க்கும் முறை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் சீனாவில் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டியாக இது தொடங்கியது. முதல் கோப்பையை நைஜீரியா, மேற்கு ஜெர்மனியை 2-0 என வென்று எடுத்துச் சென்றது. 1991 முதல் வயது வரம்பு பதினேழு ஆனது. நைஜீரியா ஐந்து முறையும் பிரேசில் நான்கு முறையும் வென்றிருக்கின்றன. ஈராண்டுக்கு ஒரு முறை நடந்து வந்தது, 2025இல் கத்தாரில் 48 அணிகளோடு ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாக மாறியது. அவ்வாண்டு போர்ச்சுகல், ஆஸ்திரியாவை 1-0 என வென்றது. பெரிய நாடுகள் மட்டுமே இங்கு வெல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். 1989இல் ஸ்காட்லாந்து மண்ணிலேயே ஸ்காட்லாந்தைத் தோற்கடித்துச் சவூதி அரேபியா கோப்பையைக் கொண்டுபோயிருக்கிறது.

இனி 2017க்கு வருகிறேன். அக்டோபர் 6 முதல் 28 வரை டெல்லி, நவி மும்பை, கொல்கத்தா, கொச்சி, குவாஹாட்டி, மார்கோவா ஆகிய ஆறு நகரங்களில் 24 நாடுகள் ஆடின. 52 ஆட்டங்களில் 183 கோல்கள் விழுந்தன. 13 லட்சத்துக்கும் அதிகமானோர் நேரில் பார்த்தார்கள். 1985இல் சீனாவில் கூடிய கூட்டத்தின் சாதனை அப்போதுதான் முறியடிக்கப்பட்டது. கொல்கத்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 2-0 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்து, 5-2 என வென்றது. அதில் இரண்டு கோல் அடித்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்ற பில் ஃபோடன் இன்று உலகம் அறிந்த பெயர். ஆனால் எனக்கு அந்தத் தொடர் என்றால் நினைவுக்கு வருவது கொல்கத்தா அல்ல, கொச்சி.

அக்டோபர் 7, சனிக்கிழமை. பிரேசிலும் ஸ்பெயினும் மோதுகின்றன என்று தெரிந்ததும் நம் ஊர்ப் பையன்கள் ஏழு பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களோடு நாற்பது ஆண்டுகள் வள்ளம் ஏறிய ஒரு பெரியவரும் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பந்து விளையாட்டில் அவ்வளவு நாட்டம் கிடையாது. பேரன் தனியாகப் போகக் கூடாது என்பதற்காக வந்தார். காலையில் குழித்துறையில் ரயில் ஏறி எறணாகுளத்தில் இறங்கினோம். அங்கே மெட்ரோ ரயில் மகாராஜாஸ் கல்லூரி வரை நீட்டிக்கப்பட்டு நான்கு நாள்கள்தான் ஆகியிருந்தன. தானாகத் திறக்கும் கதவைக் கண்டதும் பெரியவர் ஓரடி பின்வாங்கி, உள்ளே யாரோ இருந்து நமக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார். பையன்கள் சிரித்த சிரிப்பில் பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

கலூர் மைதானம் மஞ்சள் சட்டைகளால் நிறைந்திருந்தது. ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பிரேசில் தன் வலையிலேயே ஒரு கோலைப் போட்டுக்கொண்டு, பிறகு இடைவேளைக்குள் இரண்டு கோல் அடித்து வென்றது. அது முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி கலைந்தது. அதே நுழைவுச்சீட்டில் எட்டு மணிக்கு நைஜர், வடகொரியா ஆட்டமும் உண்டு என்பதால், கொடுத்த காசுக்குப் பார்த்துவிட்டே போவது என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பெரியவர் முதன்முதலாக வாய் திறந்தார். “சாரே, இதுல நம்ம ஆளு யாரு?” என்றார். இரண்டும் நம் ஆள் இல்லை என்றேன். நைஜர் எங்கே இருக்கிறது என்றார். ஆப்பிரிக்காவில், சுற்றிலும் நிலம், கடலே கிடையாது, பெரும்பகுதி பாலைவனம் என்று விளக்கினேன். மனிதர் திகைத்துப் போனார். “கடலே இல்லாத்த நாடா? அப்போ அவியளுக்கு மீனு?” என்றார். ஓர் ஆறு இருக்கிறது என்றேன். அது அவருக்குப் போதுமானதாகப் படவில்லை. அந்த நொடியிலிருந்து அவர் நைஜர் கட்சி.

முதன்முறையாக இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற அணி அது. ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர்கள் கோல் அடித்தபோது, பாதி காலியாகிப்போன அந்த அரங்கில், எங்கள் வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். அந்த ஒரு கோலிலேயே நைஜர் வென்றது. பிறகு அடுத்த சுற்றுக்கும் முன்னேறியது. இரவு திரும்பும் ரயிலில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டில் அவர் குரல் கேட்டது. “சாரே, அந்த ஊருல பந்து களிக்க எடம் நெறைய இருக்கும், இல்லியா? கடல் இல்லாததுனால கரை அரிக்காதே.”

நான் பல பயிற்சியாளர்களின் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறேன். இடம் என்பதே இந்த விளையாட்டின் முதல் தேவை என்பதை எவரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இந்திய அணிக்கு வருகிறேன். போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையில் நாம் ஆடினோம். போர்ச்சுகல் நாட்டுப் பயிற்சியாளர் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் அணியை நடத்தினார். அமெரிக்காவிடம் 3-0, கொலம்பியாவிடம் 2-1, கானாவிடம் 4-0 என மூன்றிலும் தோற்றோம். ஆனாலும் அக்டோபர் 9 அன்று டெல்லியில், கொலம்பியாவுக்கு எதிராக, எண்பத்திரண்டாவது நிமிடத்தில், பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் பந்தை மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். எந்த வயதுப் பிரிவாக இருந்தாலும், ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. கொண்டாடி முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியா இன்னொரு கோல் அடித்துவிட்டது. பரவாயில்லை. அந்த ஒரு நிமிடம் நமக்குச் சொந்தம்.

அந்த அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். அணித்தலைவர் அமர்ஜித் சிங்கின் தாயார் இம்பால் சந்தையில் மீன் விற்றவர். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முப்பது லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட மாநிலம் எட்டுப் பேரை அனுப்பியது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. நம் பையன்களுக்குக் கால் இல்லையா, மூச்சு இல்லையா? மணிப்பூரில் லெய்காய் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் மன்றங்கள் உண்டு. ஆடுவதற்கு இடமும், மாலையில் ஆடியே தீருவது என்ற பழக்கமும் உண்டு. சுவர் இருக்கிறது, சித்திரம் வருகிறது. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நியூ கலிடோனியா என்ற தீவு அந்தத் தொடரில் பிரான்சிடம் 7-1 எனவும், ஹோண்டுராசிடம் 5-0 எனவும் தோற்றுவிட்டு, கடைசியில் ஜப்பானோடு 1-1 எனச் சமன் செய்தது. ஆள் எண்ணிக்கை ஒரு சாக்கு ஆகாது.

மைதானம் கெட்டால் எவ்வளவு பெரிய ஆட்டமும் அங்கே நடக்காது என்பதற்கும் அதே தொடரில் சான்று இருக்கிறது. இங்கிலாந்து, பிரேசில் அரையிறுதி குவாஹாட்டியில் நடக்க வேண்டியது. மழையில் புல்தரை பழுதாகிவிட்டது என்று சொல்லி, இரண்டே நாள் இடைவெளியில் ஆட்டத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். ஃபிஃபாவே மைதானத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தை வைக்கிறது. நாம் மட்டும் ஆட்டக்காரனைப் பார்த்துக்கொண்டு, மைதானத்தை மறந்துவிடுகிறோம்.

நம் ஊர் மைதானத்தின் நிலை உங்களுக்குத் தெரியும். மேற்குப் பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. அதற்கு யார் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. மிச்சமிருந்த கிழக்குப் பக்கத்தில், அலைத் தடுப்புச் சுவர் கட்டுவதற்கென்று ஓர் ஒப்பந்தக்காரர் கொட்டிய கருங்கற்கள் மூன்றாவது ஆண்டாகக் கிடக்கின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று காலமெல்லாம் சொல்லி வந்தவன் நான். சுவருக்கான கல்லே சித்திரத்தின் மேல் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்றைய இறுதி ஆட்டத்தில் மூன்று முறை பந்து அந்தக் கற்களுக்கு இடையில் சிக்கியது. மூன்றாவது முறை எடுக்கப் போன பையனின் முழங்கால் சிராய்ந்து, முதலுதவிப் பெட்டியில் இருந்த கடைசிப் பஞ்சும் தீர்ந்தது. இதற்கிடையே, கம்பி வேலிக்கு அந்தப்புறம் பள்ளிக்கூட மைதானம் நான்கரை மணிக்குப் பூட்டப்பட்டு, ஆறரை மணி வரை ஆடுகளின் மேய்ச்சல் நிலமாக இருக்கிறது. ஆடுகள் மீது எனக்குப் பகை இல்லை. அவற்றுக்குத் திறக்கும் சந்து நம் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை என்பதே என் வருத்தம்.

வயதைச் சரிபார்ப்பது பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். 2009 முதல் ஆட்டக்காரர்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்பின் வளர்ச்சி முனை முழுமையாக மூடிவிட்டதா என்று பார்க்கிறார்கள். அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது; தலைமையாசிரியர் அவர்களும் என் சட்டையை இழுக்கிறார்கள். பிறந்த தேதிச் சான்றிதழில் திருத்தம் செய்துகொண்டு வருபவர்களிடம் இன்னொரு மேடையில் பேசிக்கொள்கிறேன்.

பள்ளி மைதானத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிடவும், கற்களை அகற்றவும் கோரும் மனு, பந்தலின் வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது. நேற்று வரை இருநூற்றுப் பதினோரு கையெழுத்துகள் சேர்ந்திருக்கின்றன. முதல் கையெழுத்து, கொச்சிக்கு எங்களோடு வந்த பெரியவருடையது. கையெழுத்து என்றால் கைநாட்டு. ஊராட்சித் தலைவர் அவர்கள் பரிசுகளை வழங்கிவிட்டுப் புறப்படும்போது அந்த வழியாகத்தான் போக வேண்டும். மறுபக்க வழியில் கருங்கல் கிடக்கிறது.