விழக் கற்றவர்: மிக் ஃபோலியின் ஆரம்ப நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த வீரர் மிக் ஃபோலி என்றால் பலருக்குப் பிடிபடாது. மேன்கைண்ட் என்ற அவருடைய மேடைப் பெயரைச் சொன்னால் அந்தத் தோல் முகமூடி உடனே நினைவுக்கு வரும். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில், ஏறக்குறைய 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து எதிராளி அண்டர்டேக்கர் அவரை வர்ணனையாளர் மேசை மீது வீசினார். அதே நகருக்குப் பக்கத்தில், ஃப்ரீடம் என்ற சிற்றூரில்தான், ஃபோலி எண்பதுகளின் நடுவில் விழக் கற்றுக்கொண்டார்.

அப்போது அவர் நியூயார்க் மாநிலத்துக் கார்ட்லாண்டில் கல்லூரி மாணவர். வார இறுதியில் ஒரு வழிக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி வருவார். இரவில் காரிலேயே தூங்குவார். ஆசிரியர் டொமினிக் டெனூச்சி, இத்தாலியில் பிறந்த மூத்த மல்லர்.

மல்யுத்த மேடையில் மெத்தை இருப்பதாக நினைக்காதீர்கள். இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, மெல்லிய நுரைத் தகடு, இழுத்துக் கட்டிய கித்தான், அவ்வளவுதான். மல்லாந்து விழும் முறை இது: முதலில் குந்த வேண்டும். முகவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி பின்னால் சாய்ந்து, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். அதே நொடியில் இரண்டு உள்ளங்கைகளும் தரையில் அறைய வேண்டும். அதிர்ச்சி அகலப் பரவினால் ஓரிடத்தில் குத்தாது. புதியவர்களுக்குக் கை தானாகவே பின்னால் ஊன்றப் போகும். மணிக்கட்டோ முழங்கையோ முறிவது அப்படித்தான். முகவாய் நிமிர்ந்தால் பின்மண்டை பலகையில் மோதும். நுரையீரலில் காற்றை அடக்கிக்கொண்டு விழுந்தால் சில நொடிகள் மூச்சே வராது.

கயிற்றில் ஓடி மோதித் திரும்புவதும் எளிதல்ல. மேல்கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால், கயிறு தளர்ந்திருக்கும் நாளில் ஆள் வெளியே போய் விழுவார். முதல் சில வாரங்களில் அக்குளுக்குக் கீழே கன்றிப் போகும்.

1986இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்கில் முதல் ஆட்டம். அதே ஆண்டில், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் தொலைக்காட்சி ஆட்டங்களில் நட்சத்திரங்களிடம் தோற்பதற்கென்றே அழைக்கப்பட்டார்; இவ்வகை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவானது. சில நிமிட வேலைதான், ஆனால் அதற்குத் திறமை வேண்டும். எதிராளியின் நீட்டிய கை மேல்மார்பில் பட வேண்டும்; தோற்பவர் சரியான கணத்தில் கால்களை விட்டுப் பின்னால் சாய வேண்டும். பிரிட்டிஷ் புல்டாக்ஸ் இணையோடு நடந்த ஆட்டத்தில், அவ்விணையில் ஒருவரான டைனமைட் கிட் வீசிய அந்த அடி மிகக் கடுமையாக விழுந்தது. ஃபோலியால் பல வாரங்கள் கெட்டியான உணவு எதையும் மென்று தின்ன முடியவில்லை. எதிராளி வேகத்தைக் குறைக்காதபோது, எவ்வளவு நன்றாக விழத் தெரிந்திருந்தாலும் அது பாதிக் காப்பு மட்டுமே.

1988இல் மெம்பிஸ், பிறகு டெக்சாஸ் என்று ஆடினார். அப்போது மேடைப் பெயர் காக்டஸ் ஜாக். மேடை விளிம்பிலிருந்து, கீழே சிமெண்டுத் தரையில் கிடப்பவர் மீது முழங்கை நீட்டிக் குதிப்பது அவருடைய முத்திரையானது. மேடைப் பலகையாவது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சிமெண்டு கொடுக்காது. முழங்கை எதிராளி மீது மெல்லப் பட வேண்டுமானால் குதிப்பவரின் எடை முழுவதையும் அவருடைய இடுப்பும் விலாவுமே தாங்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அடி வாங்குபவர் கீழே கிடப்பவர். உண்மையில் அடி வாங்கியவர் குதித்தவர்.